ஆப்கானிஸ்தானுக்கு நாம் ஏன் போனோம் என்றால்...

காரணஞ்சொல்லி என்றொரு மனித இனம் உண்டு. ஒரு வல்லரசு அடுத்தவர் வீட்டுச் சண்டையில் தலையைக் கொடுத்து, அடிவாங்கித் திரும்பியதும், மழைக்குப் பிறகு காளான் முளைப்பதுபோல் இவர்கள் முளைப்பார்கள். வோல்கா நதிக்கரையில் எங்கள் ஊருக்கு வாய்த்தவர் அர்காதி லூக்கிச். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். ஆப்கானிஸ்தானை வரைபடத்தைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால் என்ன? நேரில் பார்த்தவர்களுக்குத்தானே சந்தேகம் வரும்!

நீங்கள் ஊர் நீராவிக் குளியலறைக்குள் நுழைந்து, இடுப்புத் துண்டோடு பலகையில் குப்புறப் படுத்து, முதல் வியர்வைத்துளி மூக்கு நுனிக்கு வருவதற்குள், குளிப்பவர் முதுகில் அடித்துவிடும் பிர்ச் மர இலைக்கொத்தோடு வந்து நிற்பார். உங்கள் முதுகுதான் வரைபடம்.

"இது நம்ம எல்லை." பளார்! "இது காபூல்." பளார்! "தெற்குக் கதவை நாம அடைக்கலைன்னா அமெரிக்காக்காரன் உள்ளே வந்திருப்பான். புரியுதா?"

வலிக்கிறதே, புரியாமல் என்ன?

ஒருநாள் அகப்பட்ட முதுகு ஜாகருடையது. அங்கே இரண்டு வருடம் டாங்கி ஓட்டியவன்.

"நீயே சொல்லுடா, நாம ஏன் போனோம்?"

"ஏறுன்னாங்க வாத்தியாரே, ஏறினேன்."

"அது ஒரு காரணமாடா?"

"இறங்குன்னாங்க, இறங்கினேன். கொஞ்சம் கீழே அடிங்க, அங்கதான் அரிக்குது."

போருக்குப் போன எங்கள் பையன்களில் மூவர் துத்தநாகச் சவப்பெட்டிகளில் திரும்பினார்கள். அவர்களுக்கு நினைவுக்கல் வைக்கத் தீர்மானித்தோம். எதற்காகச் செத்தார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதித் தரும்படி அர்காதி லூக்கிச்சைக் கேட்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! ஒரு வருடத்தில் நாற்பது பக்கம் வந்தது. கிழட்டுத் தலைவர்களின் பயம், பக்கத்து நாட்டு எண்ணெய், குளிர்காலத்திலும் உறையாத வெதுவெதுப்பான கடல், அப்புறம் அடிக்குறிப்புகள். "இதுக்கு மலையைத்தான் செதுக்கணும்" என்றார் கல்தச்சர்.

ரொட்டி ஆலையில் வேலை பார்க்கும் தைசியா, மூவரில் ஒருவனுக்குத் தாய். பொறுத்துப் பார்த்தவள், ஒரு சனிக்கிழமை ஆண்கள் குளிக்கும் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். நாங்கள் துண்டுக்கும் வாளிக்கும் பாய்ந்தோம். அவள் கவலைப்படவில்லை.

"வாத்தியாரய்யா! எம்புள்ள ரோமனுக்குப் பூகோளத்துல ஃபெயில் மார்க்குப் போட்டீங்களே, நினைவிருக்கா? காபூல் எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. நேர்லயே கொண்டுபோய்க் காட்டிட்டாங்க. ஏன்னு எனக்கு இனிமே வேண்டாம். பேரை எழுதுங்க. வயசை எழுதுங்க. போதும்!"

அர்காதி லூக்கிச் ஒரு வாளிக்குப் பின்னால் நின்று, பிறந்ததிலிருந்து முதன்முறையாக, தலையை மட்டும் ஆட்டினார்.

கல்லில் மூன்று பெயர்கள், மூன்று வயதுகள். திறப்பு நாளில் அவரே வாசித்தார். "ரோமன், பத்தொன்பது" என்றவர் அதற்குமேல் முடியாமல் விம்மி விம்மி அழுதார். தைசியாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஊரே நெகிழ்ந்தது.

மறுவாரம் குளியலறையில் என் முதுகில் கொத்து விழுந்தது. "அன்னைக்கு அழுதேன்ல? ஏன் அழுதேன்னா, அதுக்கு மூணு காரணம் இருக்கு..."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, எங்கோ நடக்கும் சண்டைக்கு நீங்கள் மூலகாரணம் விளக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்தவர் "அடுப்புல பால்" என்று எழுந்து போனாரே, உங்கள் வீட்டில் அப்போது பால் இருந்ததா?