அரியலூர் வரன் வேண்டாம் என்பதற்கான காரணங்கள்

பெரம்பலூர்

உடையார்பாளையத்தில் முந்திரி மண்டி வைத்து நாலு பேர் மதிக்க வாழும் மச்சான் அரியமுத்து அவர்களுக்கு, பெரம்பலூர் செங்கல் கடை சின்னதுரை வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் கலியம்மாளும் சுகம். மகள் சத்யப்பிரியா திருச்சி பேங்க் வேலையில் சுகம், வார லீவுக்கு வந்து போகிறாள். அங்கு நீங்களும் தனம் அக்காவும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. உங்கள் பக்கம் மழை எப்படி? இங்கே தூறலோடு நின்றுவிட்டது. சூளையில் கல் காய்கிறது, அதனால் நான் குறை சொல்ல மாட்டேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன், கடைசியில் எல்லாவற்றுக்கும் நான் சம்மதித்ததாக ஆகிவிடும். கடிதத்தில் குறுக்கே பேச உங்களால் முடியாது. அதனால் நிதானமாகப் படியுங்கள். நீங்கள் கொண்டுவந்த அரியலூர் வரன் வேண்டாம்.

வரன் சொன்ன அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்ள, பையன் பேரு கலைமணி. சிமெண்ட் ஆலை லேப்ல வேலை. பீடி கெடையாது, பிராந்தி கெடையாது, சீட்டு கெடையாது. ஒரு பழக்கமும் இல்லாத புள்ள" என்றீர்கள். அங்கேதான் எனக்கு உறுத்தியது. முப்பது தாண்டிய ஆம்பிளைக்கு ஒரு பழக்கமும் இல்லையென்றால், வெளியில் தெரியாத பழக்கம் ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். லாரியில் மேல் வரிசைக் கல்லைப் பார்த்து லோடு எடுக்கிறவன் நான் இல்லை. நடுவில் கையை விட்டு ஒன்றை உருவிப் பார்ப்பேன். சத்யப்பிரியா வேறு, வந்த வரனுக்கெல்லாம் ஒரு குறை சொன்னவள். வேப்பந்தட்டை வாத்தியார் மகனை "சிரிக்கவே மாட்டேங்கிறான்" என்றாள். பாடாலூர் பெட்ரோல் பங்க்காரர் மகனை "சிரிச்சுக்கிட்டே இருக்கான்" என்றாள். இந்த வரனுக்கு மட்டும் "பாருங்கப்பா" என்றாள். பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, போன ஞாயிற்றுக்கிழமை லோடு பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் அரியலூர் பஸ் ஏறினேன்.

பையன் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. இரண்டு டீ குடித்ததில் விஷயம் வந்துவிட்டது. "நல்ல புள்ளைங்க. ஆனா வாரா வாரம் பார்சல் வருதுங்க. ஆட்டுனா உள்ள கலகலங்குது. அவுங்கம்மா வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்குது, அப்பாவுக்குத் தெரியாம" என்றார் கடைக்காரர். மாத்திரையோ, வேறு என்ன கருமமோ என்று டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். "இப்ப எங்க தம்பி?" என்று கேட்டேன். "மண்டபத்துல இருக்கும்ங்க. ஞாயித்துக்கெழமைன்னா அதே மாதிரி ஆளுங்க எல்லாம் அங்க ஒண்ணு கூடிடுவாங்க" என்றார். ஊரறிய மண்டபம் பிடித்துக் கூடுகிற அளவுக்குப் போய்விட்டதா என்று ஓடினேன்.

மச்சான், பார்சலில் வந்தது பிளாஸ்டிக் கல். குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்று சொருகி வீடு கட்டி விளையாடுமே, அதே கல். கட்டிக்கொண்டிருந்ததெல்லாம் மீசை நரைத்த குழந்தைகள். பல் டாக்டர் சுமதி மேடம் அரியலூர் ரயில்வே ஸ்டேஷனைக் கட்டி, அதில் கை நீள ரயிலை நிறுத்திவிட்டு, சிக்னல் விழவில்லையே என்று கவலையாக நின்றார். வாசலில் போர்டு: "குழந்தைகள் எதையும் தொடக்கூடாது." பொம்மைக் கடை பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறேன். குழந்தையை உள்ளே விட பயப்படுகிற பொம்மையை அன்றுதான் பார்த்தேன். கட்டி முடித்தவர்கள் அதைப் போட்டோ எடுக்கக் குப்புறப் படுத்திருந்தார்கள். போனில் ஏற்றியவுடன் எவனோ ஒரு ஜப்பான்காரன் ஹார்ட் போட்டானாம், ஒருத்தர் எழுந்து குதித்தார். பழைய பாக்கி வசூலானால்கூட நான் அப்படிக் குதித்ததில்லை.

லப்பைக்குடிக்காடு முகமது அனஸை உங்களுக்கும் தெரியும், துபாயில் இருந்தாரே. அவர் மூன்று மாடி வீடு கட்ட என்னிடம்தான் கல் எடுத்தார். அவரும் அங்கே உட்கார்ந்து உள்ளங்கையளவு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "என்ன பாய், அவ்வளவு பெரிய வீட்ட விட்டுட்டு இங்க வந்து?" என்றேன். "அத ஏன் கேக்குறீங்கண்ணே, அது பூட்டிக் கெடக்கு. ஒரு மவன் ஷார்ஜா, ஒரு மவன் சென்னை. வாட்ச்மேன் மட்டும்தான் மூணு மாடியும் சுத்தி வாரான். இங்க பாருங்க, எல்லாரும் ஹால்ல உக்காந்து டிவி பாக்குறாங்க" என்று ஜன்னல் வழியாகக் காட்டினார். குனிந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு வியாபாரம் கொடுத்தது அந்தப் பூட்டின வீடுதான், அதனால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குள் கலைமணி என்னைப் பார்த்துவிட்டான். என்னைப் போட்டோவில் பார்த்திருப்பான்போல. "சார், நீங்க பெரம்பலூர்..." என்று இழுத்தான். "லோடு விஷயமா வந்தேன்" என்றேன். நாற்காலி போட்டான், டீ வாங்கிவரப் போனான். மரியாதையில் குறை சொல்ல முடியாது. என் எதிரே மேஜையில், கலைமணி பேர் எழுதின அட்டையோடு, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் கோபுரம் நின்றது. பொய் சொல்லக் கூடாது, மச்சான், நேர்த்தி. ஒவ்வொரு அடுக்கும், மூலையில் உட்கார்ந்த நந்தியும் அப்படியே. அனஸ் பாய்தான் சொன்னார், "மேல் பாதி தனியா வரும், எடுத்து உள்ள பாருங்க" என்று. எடுத்தேன். "பசை போட்டிருக்கா?" என்றேன். "பசை போட்டா எங்க ஆளுங்க சேத்துக்க மாட்டாங்க. வெறும் பிடிப்புலதான் நிக்குது" என்றார். வெறும் பிடிப்பில் நிற்கிறது என்று ஒருத்தர் சொன்னால் செங்கல் வியாபாரி என்ன செய்வான்? விரலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் சரியில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன். கோடு விழவில்லை, நல்ல கல். அடுத்து, ஆயுசு பூராவும் ஒவ்வொரு லோடிலும் செய்கிற வேலை, கை தானாகச் செய்துவிட்டது. இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து கீழே விட்டேன்.

நல்ல செங்கல் உடையாது.

பொரி மூட்டை அவிழ்ந்த மாதிரி மண்டபம் பூரா ஓடிற்று. நந்தி ஒரு பக்கம், கலசம் ஒரு பக்கம். "யாரும் நடக்காதீங்க!" என்று பல் டாக்டர் போட்ட சத்தத்தில் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அத்தனை பேரும் கொக்கு மாதிரி நின்றார்கள். நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவன், பதறி ஓர் அடி பின்னால் வைத்தேன். அந்தக் கல்லின் முனை உள்ளங்காலில் ஏறியபோது என் குலதெய்வம் தெரிந்தது. சூளையில் செங்கல் சுமந்து, காலில் கல் விழுந்து, நகம் பெயர்ந்து முன்னுக்கு வந்தவன் நான். அப்படி ஒரு வலியை அறிந்ததில்லை.

டீயோடு வந்த கலைமணி வாசலிலேயே நின்றுவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, முதலில் கையிலிருந்த போனைப் பார்த்தான். அப்புறம் வந்து, "பரவால்ல மாமா. கால்ல ரத்தம் வருதா பாருங்க" என்றான். அதுவரை சார், உடைத்தபின் மாமா. அத்தோடு, மண்டபத்துச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்து கலர் வாரியாகக் கல்லைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் காரணத்துக்கு வருகிறேன். பொம்மை விளையாடுகிறான் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. குடிக்கிறவனுக்குப் பெண் கொடுத்தவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள், அதற்கு இது எவ்வளவோ தேவலை. என் காரணம் வேறு. தன் பொருளை ஒருத்தன் கண் முன்னால் போட்டு உடைக்கிறான், அவனைப் பார்த்துப் பரவாயில்லை என்று ஒரு ஆம்பிளை சொல்கிறான். என் கடையில் ஒரு லோடுமேன் ரெண்டு கல்லை உடைத்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் சத்தம் கேட்கும். கோபம் இருக்கிறவனிடம்தான் பொருள் தங்கும். நாளைக்கு இவன் வாசலில் நிற்கிற வண்டியை எவனாவது ஓட்டிக்கொண்டு போனால், பெட்ரோல் இருக்கா பாருங்க என்பான். இவன் கையில் என் பெண்ணைக் கொடுத்துவிட்டு எந்த நம்பிக்கையில் நான் தூங்குவது?

ஆகவே அவர்கள் மனம் நோகாமல் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடுங்கள். கட்டம் போட்ட பொய்க்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சத்யாவிடம் இன்னும் சொல்லவில்லை, இந்த வாரம் வந்தால் சொல்வேன். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி தீர்ந்து, முந்திரி நல்ல விலை போய், வீட்டில் சுபகாரியம் பெருக வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

சின்னதுரை

பின் குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். இவ்வளவு தாள் வீணாகிறதே என்று இதன் கீழேயே எழுதுகிறேன். சனிக்கிழமை சத்யப்பிரியா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தாள். "அரியலூர் என்னப்பா ஆச்சு?" என்றாள்.

"அது நமக்குச் சரிப்படாதும்மா. அவன் கட்டுன கோபுரத்த நான் இடுப்பு ஒசரத்துலேருந்து போட்டு ஒடச்சேன். ஒரு வார்த்த கேக்கல."

பையைக் கீழே வைத்தாள். "நீங்களா போட்டீங்க? டேபிள் கால் வழுக்கி விழுந்துடுச்சுன்னுல்ல சொன்னாரு!"

"யாரு சொன்னாரு?"

"அது அவரு கட்டுனது இல்லப்பா. நான் கட்டுனது. திருச்சி ரூம்ல, கட்டிலுக்கடியில வச்சு போன மழைக்காலம் பூரா கட்டுனது. உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்கன்னு அவரு பேர்ல வைக்கச் சொன்னேன். செங்கல் விக்கிறவருக்கு ஒரு கட்டடத்த எப்படிப் புடிக்கணும்னு தெரியாதா?"

அதற்கு மேல் அவள் பேசியதை எழுத முடியாது. லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் தலையில் கல்லோடு நின்றுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியும் கேட்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் அவளும் உறுப்பினராம். அவனோடு பழக்கமே அங்கேதானாம். அவள் தனம் அக்காவிடம் சொல்லி, அக்கா உங்கள் காதில் போட்டு, நீங்கள் உங்கள் யோசனை மாதிரி என்னிடம் கொண்டுவந்தீர்கள். நம் இருவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும், மச்சான். அந்தப் பையன் என்னைக் காட்டிக் கொடுக்காமல் மேஜைக் கால்மேல் பழி போட்டிருக்கிறான். அவனுக்குக் கோபம் இல்லாவிட்டால் போகிறது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கோபத்தை என் பெண் இங்கிருந்தே கொண்டுபோகிறாள்.

ஆகவே வரன் எனக்குப் பூரண சம்மதம். ஜாதகம் என்று வாயைத் திறந்துவிடாதீர்கள். ஆனால் கோபுரம் எழும்பாமல் நிச்சயதார்த்தம் இல்லை, உடைத்தவர்தான் பொறுக்கித் தர வேண்டும் என்பது சத்யாவின் உத்தரவு. நேற்று மண்டபத்துக்குப் போய்த் தட்டோடு உட்கார்ந்தேன். வரன் கொண்டுவந்தவர் என்ற முறையில் அடுத்த ஞாயிறு நீங்களும் வர வேண்டும். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். சந்தனக் கலரிலேயே ரெண்டு சந்தனம் இருக்கிறதாம். நான் ரெண்டையும் கலந்து பொறுக்கி வைத்த தட்டை மாப்பிள்ளை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல மாமா" என்று சொல்லித் திரும்பவும் தரையில் கொட்டிவிட்டார்.