ராயக்கோட்டை மாமாவுக்கு: லேப்டாப் வழக்கு

ராயக்கோட்டை தக்காளி மண்டியின் தூணும் என் தாய்மாமனுமாகிய கமலக்கண்ணன் அவர்களுக்கு, ஓசூரிலிருந்து கவிப்ரியா வணக்கத்தோடு வழக்கும் தொடுப்பது. இங்கு அம்மா, அப்பா, லேப்டாப் எல்லோரும் சுகம். அங்கு அத்தையும் தக்காளியும் சுகமா? போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் அப்பாவிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

பந்தயம் நினைவிருக்கும். உங்கள் பழைய லேப்டாப்பில் நான் எழுதும் ப்ரோகிராம், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் சுடோகுவை உங்களுக்கு முன்னால் சரியாகப் போட்டால் லேப்டாப் எனக்கு. இல்லையென்றால் மண்டிக்கே திரும்ப வேண்டும். முதலில் எழுதியது, எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டுக் கடைசியில்தான் சரியா என்று பார்த்தது. லேப்டாப் போட்ட இரைச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து, "மிக்ஸிய யாருடி போட்டது?" என்றாள். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா எட்டிப் பார்த்து, நான் செய்ததைக் கேட்டுவிட்டு, "இதுவும் உன்னாட்டமேதான் புள்ள" என்றார். உங்கள் ஊருக்கு வரக் கிளம்பி அஞ்செட்டி பஸ்ஸில் ஏறினேனே, அதைச் சொல்கிறார். தேன்கனிக்கோட்டையிலேயே தப்பு பஸ் என்று தெரிந்தும், இறங்கினால் கண்டக்டர் சிரிப்பாரே என்று அஞ்செட்டி வரை போனவள் நான். அவர் கிண்டல்தான் செய்தார். எனக்குப் பொறி தட்டியது. தப்பென்று தெரிந்த கட்டத்திலேயே இறங்கி, ஒரு கட்டம் பின்னால் வந்து, அடுத்த எண்ணைப் போட்டுப் பார்க்கும்படி மாற்றினேன். கண்மூடித் திறப்பதற்குள் விடை. எண்களுக்குப் பதில் கடுகு, சீரகம், மிளகு என்று ஒன்பது மளிகைப் பெயர்களைக் கொடுத்தேன். அதற்கும் அதே வேகம். அதற்குக் கணக்கே தெரியாது மாமா, ஒரே வரிசையில் இரண்டு கடுகு கூடாது என்பது மட்டும்தான் தெரியும்.

ஞாயிறும் வந்தது. எங்கள் வீட்டில் பேப்பர் வாங்காததால் நீங்களே மண்டியிலிருந்து போனில் புதிரைச் சொன்னீர்கள். "எழுதிக்க கண்ணு. லாபம், காலி, நாலு, காலி, எட்டு..." அடிக்கடி காலி என்றால் வியாபாரத்துக்கு ஆகாதென்று நடுநடுவே மங்களமாக மாற்றிச் சொல்கிறீர்கள் போலும் என்று, எல்லா லாபத்தையும் காலிக் கட்டமாகவே போட்டேன். நீங்கள் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் எனக்கு விடை வந்துவிட்டது. சாயங்காலம் நீங்கள் வாசித்த விடையோ வேறு. நாம் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மண்டியில ஒண்ணுன்னு எண்ண மாட்டாங்க புள்ள. மொத எண்ணே லாபம்தான்."

ஆனாலும் நியாயத்தைப் பாருங்கள். நீங்கள் எண்ணாகச் சொன்ன ஒவ்வொன்றும் என் விடையில் சொன்ன இடத்தில் இருக்கிறது. எந்த வரிசையிலும், எந்தச் சதுரத்திலும் ஓர் எண் இருமுறை இல்லை. ஒன்றை லாபத்துக்குள் ஒளித்தது நீங்கள். நஷ்டம் மட்டும் எனக்கா? ஆகவே லேப்டாப் என்னுடையது என்று தீர்ப்பெழுதிக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் தக்காளிப் பெட்டி ஒன்றுகூட அழுகாமல் விலைபோக வேண்டும்.

இப்படிக்கு,
ஆசியையும் சார்ஜரையும் எதிர்பார்க்கும் மருமகள்,
கவிப்ரியா

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன், யாரும் கேட்காமலே, லாபம் வந்த இடங்களிலெல்லாம் ஒன்று என்ற எண்ணைப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு விடைதான் உண்டு என்றது. அது உங்களுடையது. எனவே மேலே சொன்னதெல்லாம் வாபஸ். லேப்டாப்பும் அப்பா கையிலேயே வருகிறது. அதைத் திறக்க ஒன்பது இலக்கம் அடிக்க வேண்டும்: ஒன்றிலிருந்து ஒன்பது வரை, ஒவ்வொன்றும் ஒரே தடவை. எந்த வரிசை என்பதுதான் மறந்துவிட்டது. கண்டுபிடிக்க ஒரு ப்ரோகிராம் எழுதித் தருகிறேன் மாமா. எழுத லேப்டாப் வேண்டும்.