நாலாம் பக்கம்

சனிக்கிழமை சாயங்காலம் வரை கலியமூர்த்தியின் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஞாயிறு மதியம், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சுடர்விழி வீட்டுப் படியேறும்போது கழுத்தில் மப்ளர் ஏறியிருந்தது.

"என்ன சார், இந்தப் புழுக்கத்துல?"

"தொண்ட கட்டிகிச்சும்மா," என்று கிசுகிசுத்தார்.

கட்டியது தொண்டை அல்ல, பயம்.

சுடர்விழி போர்டு கேம் சங்கத்தின் செயலாளர். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு உறுப்பினர்கள் சீட்டுக் குலுக்கி, ஒருவருக்கொருவர் ஒரு விளையாட்டைப் பரிசளிப்பார்கள். பிரித்ததை அங்கேயே ஆடியாக வேண்டும். பெட்டி பிரான்ஸிலிருந்து வந்ததென்றால், விதித்தாளைப் படித்துத் தமிழில் சொல்வது கலியமூர்த்தி. ஆபீசில் பியூன்கூட அவரை மதிப்பதில்லை. இங்கே மூன்று வருஷமாக அவர் 'பிரெஞ்சு சார்'.

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்து வரை எண்ணுவதும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்வதும்தான். மற்றதெல்லாம் படத்தைப் பார்த்து அடித்துவிடுவது. தான் தோற்கும் சமயம் பார்த்து 'நாலாம் பக்கத்தில்' ஒரு புது விதி முளைக்கும்.

2006இல் வந்தது வினை. பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய ரெனே சங்கத்தில் சேர்ந்துவிட்டார். மனைவி பொலெத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர் ராமலிங்கத்துக்கு ரெனே தந்த பரிசைப் பிரித்தார்கள். கோட்டையும் ஆடுகளும் போட்ட பிரெஞ்சுப் பெட்டி.

"கலியமூர்த்தி சாருக்குத்தான் தொண்டை சரியில்லையே," என்றாள் சுடர்விழி. "ரெனே சார், நீங்களே படிங்க. அப்படியே பழைய கேம் தாளுங்களையும் ஒரு தடவ பாத்துடுங்க."

கலியமூர்த்தி விலுக்கென்று நிமிர்ந்தார். பழைய தாள்களா!

ரெனே கையிலிருந்த காப்பி தளும்பியது. "சேச்சே, பெரியவரு இருக்கும்போது நான் படிச்சா மரியாதையா இருக்காது."

"இப்ப பரவால்லம்மா!" கலியமூர்த்தியின் குரல் கணீரென்று திரும்பியது. மப்ளர் நாற்காலிக்குப் போனது. பக்கத்திலேயே பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா உட்கார்ந்திருக்கும்போது எப்படி அடித்துவிடுவது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அடடா, கண்ணாடிய மறந்துட்டேனே!"

"என்னுத போட்டுக்குங்க, முசியே." ரெனே தன் கண்ணாடியை அவசரமாகக் கழற்றி நீட்டினார்.

வேறு வழியில்லை. "ஆளுக்கு ரெண்டு ஆடு. ஆறு விழுந்தா கோட்டைக்குள்ள போவலாம். டிசம்பர்ல பொறந்தவங்களுக்கு ஒரு ஆட்டம் கூட."

ஒவ்வொரு விதிக்கும் ரெனே "வி, வி" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினார். கிண்டலாகத்தான் ஆட்டுகிறார் என்று கலியமூர்த்திக்கு உள்ளூர எரிந்தது.

ஆட்டம் சூடு பிடித்தது. ராமலிங்கத்தின் ஆடு கோட்டை வாசலில் நின்றது. இன்னும் ஒரே கட்டம். பழக்கதோஷம் விடுமா? கலியமூர்த்தியின் வாய் தானாகத் திறந்தது.

"நாலாம் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னா, வாசல்ல நிக்கிற ஆடு மூணு கட்டம் பின்னாடி வரணும்."

ராமலிங்கம் எழுந்துவிட்டார். "எப்பப் பாத்தாலும் உங்களுக்கு மட்டும் நாலாம் பக்கம்! ரெனே சார், நீங்களே படிச்சிச் சொல்லுங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடணும்!"

தாள் கைமாறியது. கண்ணாடியும் கைமாறியது. ரெனே படிக்க ஆரம்பித்தார். படித்துக்கொண்டே இருந்தார். தாள் அவர் கையில் நடுங்கியது. கோபம் என்று நினைத்தார் கலியமூர்த்தி. அடுத்த ஞாயிறு முதல் எங்கே போவது, யார் 'சார்' என்று கூப்பிடுவார்கள்? தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டது.

ரெனே தாளை மடித்தார்.

"முசியே சொன்னதுல ஒரு எழுத்து பிசகல."

ராமலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டைப் பின்னால் நகர்த்தினார். கலியமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் முன்னால் மானத்தைக் காத்த மனுஷன்!

புறப்படும்போது தெருவில் ரெனேயின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த உதவிய சாவுற வரைக்கும் மறக்கமாட்டேங்க."

ரெனே திருதிருவென்று விழித்தார். ஸ்கூட்டரை எடுக்கப் போய்விட்டார்.

பொலெத் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கதான் அவுரு மானத்தக் காப்பாத்துனீங்க, முசியே. அங்க இருந்த இருபத்தஞ்சு வருஷமும் அவுருக்கு வந்த பிரெஞ்சுக் காயிதத்த எல்லாம் நான்தான் படிச்சிச் சொன்னேன். இங்க பிரெஞ்சு படிச்சவரு ஒருத்தரு இருக்காராம், மாட்டிக்குவேன்னு காலையிலேருந்து வயித்துவலின்னு படுத்துக் கெடந்தாரு!"