தவணை டி.வி. பற்றி அத்தானின் திட்டவட்டமான பதில்

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அக்காவும் நலமாக இருப்பதாக மேல்மாடியிலிருந்து தகவல் கிடைக்கிறது. அங்கு நீங்களும் தங்கச்சியும் என் மருமகப்பிள்ளைகள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புது டி.வி. வாங்கப் போகிறோம், கடைக்காரர் இருபத்துநாலு மாதத் தவணை தருகிறேன் என்கிறார், வாங்கலாமா கூடாதா, இந்த விஷயத்தில் உங்களை விட்டால் வேறு யாரைக் கேட்பது அத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இதுதான் பதில். கடிதத்தை இந்த இடத்திலேயே முடித்து உறையில் போட்டிருப்பேன். ஆனால் உங்கள் அக்கா ஏற்கெனவே உங்களுக்குப் போன் செய்து தன் தரப்பைச் சொல்லியிருப்பாள் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதவேண்டிய நிலையில் இருக்கிறேன்.

நான் எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று தங்கச்சி கேட்கலாம். கடன் சங்கத்தில் மனுப் பரிசீலனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பிரிவில் எந்த மனுவையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்போம். முதல் பக்கத்தில் எல்லோரும் கவனமாகப் பொய் எழுதுவார்கள். கடைசிப் பக்கம் வருவதற்குள் கை வலித்துப்போய் உண்மையை எழுதிவிடுவார்கள். அப்படி இருபத்தாறு வருடம் பின்னாலிருந்து முன்னாலாக ஊரார் வண்டவாளத்தைப் படித்தவன், தான் மட்டும் கடன் வாங்குவானா? வாங்கவில்லை. ஒரு மின்விசிறிகூட நான் தவணையில் வாங்கியதில்லை. அலுவலகத்தில் எனக்குச் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டரை மாதம் முன்பு எங்கள் டி.வி.யில் படம் போய்விட்டது. சத்தம் மட்டும் வந்தது. சத்தம் வருகிறதே, பாதி டி.வி. நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் சொன்னதை உங்கள் அக்கா ரசிக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் "பத்து நிமிஷம் சார்" என்பார், அதனால் தெருவில் அவருக்குப் பத்து நிமிஷம் என்றே பெயர். அந்தப் பத்து நிமிஷம் பன்னிரண்டு நாள் கழித்து டி.வி.யைக் கொண்டுவந்து மாட்டினார். இந்தத் தடவை படம் வந்தது, சத்தம் போய்விட்டது. அவரிடம் கேட்டேன், "ரெண்டும் சேர்ந்து வராதாய்யா?" அவர் டி.வி.யைப் பரிவோடு தடவிக்கொடுத்து, "வயசாயிடுச்சு சார், ஒரே நேரத்துல ரெண்டு வேலை சொன்னா அதுவும் என்ன பண்ணும்?" என்றார். மறுநாள் சாயங்காலம் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. அதோடு அதன் கதை முடிந்தது.

நான் அசரவில்லை. ஒரு உறையை எடுத்து அதன்மேல் 'டி.வி.' என்று எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன். மாதாமாதம் சம்பளத்தில் இவ்வளவு என்று போட்டுவந்தால் பதினோராவது மாதம் ரொக்கமாக வாங்கிவிடலாம். கூட்டிக் கழித்து, தாளில் எழுதி, உங்கள் அக்காவிடம் காட்டினேன். அவள் தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தவே இல்லை. "பதினோரு மாசமா? அதுக்குள்ள என் சீரியல்ல பொறந்த குழந்தை வளர்ந்து கல்யாணத்துக்கே நின்னுடும்" என்றாள். உங்களுக்குத் தெரியும், பகல் முழுக்க பள்ளிக்கூடச் சீருடைகளைத் தனியாக உட்கார்ந்து தைக்கிறவள் அவள். ஏழு மணிக்கு மேல் டி.வி. பார்த்துக்கொண்டே பொத்தான் தைத்தால்தான் அவளுக்குப் பொழுது பொழுதாக இருக்கும். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே!

அன்று சாயங்காலம் அவள் மேல்மாடி நர்ஸ் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாவுக்குப் பகல் டியூட்டி, ஆறு மணிக்கு வந்துவிடுவார். அவர் வீட்டு டி.வி. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. "சீரியல் முடிஞ்சதும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள் ஒன்பதரைக்கு வந்தாள். மறுநாள் போகும்போது மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போனாள், அது மேலேயே தங்கிவிட்டது. அடுத்த வாரம் முதுகுக்கு வைக்கிற தலையணை போனது. அப்புறம் பொத்தான் டப்பா. அப்புறம் தண்ணீர் பாட்டில். போன வாரம் வீட்டுச் செருப்பும் மேலே குடியேறிவிட்டது. ஒரு குடும்பம் வீடு மாறுவதைத் தவணை முறையில் பார்ப்பதுபோல் இருக்கிறது. "நீங்களும் வாங்களேன், அந்தம்மா எத்தனை தடவை கூப்பிடறாங்க" என்று அவள் கூப்பிடாமல் இல்லை. ஆனால் அந்த டி.வி. பதினெட்டு மாதத் தவணையில் வாங்கியது என்று நர்ஸம்மாவே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தவணை முடியாத டி.வி.க்கு முன்னால் நான் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அவளை வீட்டில் நிறுத்த நான் முயற்சி எடுக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கேரம் பலகை வாங்கிவந்தேன், ரொக்கமாகத்தான். முதல் நாள் ஏழு ஆட்டம் ஆடினோம், ஏழிலும் நான் தோற்றேன். எட்டாவது ஆட்டத்துக்கு ஆளைக் காணோம். பிறகு எங்கள் அலுவலக ஜீப் டிரைவர் தன் பழைய டி.வி.யைக் கொடுப்பதாகச் சொன்னார். கைக்குக் கை பணம், கையெழுத்து இல்லை, வட்டி இல்லை, இதைத்தானே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறையில் இருந்ததில் பாதியை எண்ணிக்கொடுத்து வாங்கிவந்தேன். போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதில் சத்தத்தைக் குறைக்க முடியாது. கூட்டலாம், குறைக்க முடியாது. முதல் நாள் செய்தி வாசித்தபோது கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டில் செய்தி போட்டிருந்ததை அணைத்துவிட்டார், தேவையில்லை என்று. இரண்டாம் நாள் கட்டடச் செயலாளர் கதவைத் தட்டினார். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அதைத் துணிபோட்டு மூடிவைத்தோம். டிரைவரிடம் கேட்டால், "நீங்க படம் தெரியுதான்னுதானே சார் கேட்டீங்க?" என்கிறார். ரொக்கம் கொடுத்து வாங்கியதால் நஷ்டம் அதோடு நின்றது என்பதைக் கவனியுங்கள். இதையே தவணையில் வாங்கியிருந்தால் மாதாமாதம் வயிறு எரிந்திருக்கும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் மச்சான். ஏழு மணிக்கு மேல் இந்த வீட்டில் நேரம் நகர்வதில்லை. சாப்பாட்டை எடுத்து மூடிவைத்துவிட்டுத்தான் போகிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. நான் எடுத்துவைத்துச் சாப்பிடுகிறேன். மேலே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கீழே ஒருவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது கஷ்டம். இருபத்தொன்பது வருடமாக எதிரில் உட்கார்ந்து "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டவள். நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னதில்லை. இப்போது கேட்க ஆள் இல்லாதபோது, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லவேண்டும்போல் இருக்கிறது.

அதனால் போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். தவணைக்காகப் போகவில்லை, விலை விசாரிக்கத்தான் போனேன். விற்பனைக்காரர் ஒரு டி.வி.யைக் காட்டினார். "ரொக்கமாக் கொடுத்தா என்ன குறைப்பீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "ரொக்கமாவா? முழுசாவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவர் வந்து, "ரொக்கம் வாங்குறவர் மதியத்துக்கு மேலதான் சார் வருவாரு. தவணைன்னா இப்பவே முடிச்சிடலாம்" என்றார். பணம் கையில் இருப்பவனைக் காக்கவைத்து, இல்லாதவனை நாற்காலி போட்டு உட்காரவைக்கிற காலம் இது. என் கையிலும் முழுப் பணம் இல்லை என்பது வேறு விஷயம். "சும்மா ஃபாரத்தை நிரப்பிப் பாருங்க சார், பிடிக்கலைன்னா விட்டுடலாம்" என்றார்கள். ஃபாரம் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. நான்கு பக்கம். அச்சில் மூன்று பிழை. நிரப்பினேன்.

நிரப்பியதோடு எழுந்து வந்திருக்கவேண்டும். இருபத்தாறு வருடப் பழக்கம் விடவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தேன். மனுதாரர் ஓய்வு பெறப் பதினான்கு மாதமே இருக்கிறது, தவணையோ பதினெட்டு மாதம். தேதியில் ஓர் எண் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. மனுதாரருக்கு இதற்குமுன் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய அனுபவம் துளியும் இல்லை. இந்த ஆளை எப்படி நம்புவது? சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மேல் ஓரத்தில் 'நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி, காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு, கையெழுத்திட்டு, கவுண்டரில் நீட்டிவிட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"சார், இதை எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

"மேல சிவப்புல எழுதியிருக்கிறது?"

"அதுவும் நான்தான்."

"உங்களுக்குக் கடன் குடுக்கக் கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்!"

"காரணம் போட்டிருக்கேன் பாரும்மா. மூணும் சரியான காரணம்."

அந்தப் பெண் பாவம், விழுந்து விழுந்து சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினாள். அப்புறம் சொன்னாள், "நிராகரிப்புன்னு கையெழுத்தோட வந்தா கம்ப்யூட்டர்ல ஏத்தித்தான் ஆகணும் சார், ஏத்திட்டேன். ஒரு தடவை நிராகரிச்சுட்டா ஆறு மாசத்துக்கு உங்க பேர்ல மனு போட முடியாது." நான் அவளைப் பாராட்டிவிட்டு வந்தேன். நியாயமான விதி. எங்கள் சங்கத்தில்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது. வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கையில் இருந்த சீருடையை மடித்துவைத்துவிட்டு, "அந்தக் கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். எட்டு மணி வரைக்கும் என்றேன். என் உறுதி அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே மச்சான், தவணையில் வாங்கவே வாங்காதீர்கள். உறை ஒன்று எடுத்து 'டி.வி.' என்று எழுதி வையுங்கள். நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஜீப் டிரைவருக்குக் கொடுத்தது போக, இன்னும் பத்து மாதத்தில் எங்கள் வீட்டில் புது டி.வி. நிற்கும், யாருக்கும் கைகட்டி நிற்காமல் நிற்கும். அதுவரை உங்கள் அக்கா எங்கே போய்விடப் போகிறாள்? பதினாறு படிதானே?

தங்கச்சிக்கு என் அன்பான விசாரிப்பைச் சொல்லவும். மருமகப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, நினைத்ததெல்லாம் கிடைத்து நிறைவாக இருக்கட்டும்; கிடைப்பது ரொக்கமாகவே கிடைக்கட்டும் என்று மாமா ஆசீர்வதித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கடன் என்ற சொல்லே அறியாத உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. இரண்டு பேர் பெரிய பெட்டியோடு நிற்கிறார்கள். விசாரித்தால், உங்கள் அக்கா தன் தையல் வருமானத்தைக் காட்டி அதே கடையில் பதினெட்டு மாதத் தவணைக்கு மனுப் போட்டு, அது பதினைந்து நிமிடத்தில் அனுமதியாகிவிட்டதாம். அவர்கள் நீட்டிய ஃபாரத்தில் முதல் ஜாமீன்தாரர் இடத்தில் என் பெயர் இருந்தது, கையெழுத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. வழக்கப்படி கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். நான்கு பிழை. எங்கள் பிரிவாக இருந்தால் அதில் ஒன்றே போதும். இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். 'கடன் எதற்காக?' என்ற இடத்தில் எல்லோரும் வீட்டு உபயோகம் என்று எழுதுவார்கள். உங்கள் அக்கா, 'என் வீட்டுக்காரர் தனியாகச் சாப்பிடுகிறார்' என்று எழுதியிருக்கிறாள். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு காரணத்தை நான் படித்ததில்லை. முதல் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்னொரு ஜாமீன்தாரர் வேண்டுமாம், ஒரு வாரத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் டி.வி.யைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். உங்கள் பெயரை எழுதிவிட்டேன். ஃபாரம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிற மூன்று இடத்திலும் கையெழுத்திட்டு உடனே அனுப்பிவைக்கவும். நீங்கள் படித்துக்கொண்டு நேரத்தை வீணாக்கவேண்டாம்.