செருப்பைக் கழற்றாமல் பேசுவது எப்படி

கடலுக்கும் பெரிய ஏரிக்கும் நடுவில் தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ராஜா இருந்தார், மந்திரிகள் இருந்தார்கள். ராஜாவையும் மந்திரிகளையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே யாரைக் குறை சொன்னாலும் அது சொன்னவர் தலையிலேயே வந்து விழும்படி ஏற்பாடு கச்சிதமாக இருந்தது.

வேறெந்த நாட்டிலும் இல்லாத ஒரு வழக்கம் தாழைநாட்டில் உண்டு. ஒருவர் இன்னொருவரிடம் "செய்கிறேன்" என்று சொல்லிவிட்டால், நின்ற இடத்திலேயே தன் இடது கால் செருப்பைக் கழற்றிக் கேட்டவரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். சொன்ன வேலை முடிந்தபின் வந்து வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அந்தக் காலில் வேறு செருப்பு போடக்கூடாது, வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் கூடாது.

குடிமக்களுக்கு இது ஒரு பாரமாகத் தெரியவில்லை. கொத்தனார் சுவரை முடிப்பார், செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். சம்பந்தம் பேசப் போன மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் முடியும்வரை நொண்டுவார்கள், அது ஒரு வேடிக்கை. சங்கடமெல்லாம் அரண்மனைக்குத்தான். மந்திரிமார் ஊர்வலம் வரும்போது பெண்கள் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடத்துக்குக் கூர போடறேன்னாரே, இன்னும் போடல போலருக்கு" என்பாள் ஒருத்தி.

"பாவம், கால் கொப்புளிச்சிருக்கு பாரு. சீக்கிரமே போட்டுருவாரு" என்பாள் இன்னொருத்தி.

சித்திரை வெயிலில் சாலை கொதிக்கும். மந்திரிகளும் வேறு வழியில்லாமல் கூரையைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தாழைநாட்டில் பாதி நல்ல காரியங்கள் உள்ளங்கால் சுட்டதால் நடந்தவை.

இப்படி இருக்கையில் ஒரு மழைக்காலத்தில் பெரிய ஏரியின் கரை விரிசல் விட்டது. கரைக்கு நேர் கீழே இருப்பது பள்ளத்தெரு. அங்கே குடியிருந்த காத்தாயி என்கிற கீரைக்காரி, கூடையை இறக்கி வைத்துவிட்டு நீர்ப்பணி மந்திரி அம்பலவாணரைப் பார்க்கப் போனாள். பள்ளத்தெருவில் வாய்த் துடுக்கு அவளுக்குத்தான் அதிகம் என்பதால் தெருவே அவளை அனுப்பி வைத்தது.

"ஐயா, கரை வாய் பொளந்து நிக்குது. அடுத்த மழைக்குத் தாங்காது. கட்டித் தர்றீங்களா?" என்றாள்.

அம்பலவாணர் தன் இடது காலைப் பார்த்தார். அது ஏற்கெனவே வெறுங்கால். அந்தச் செருப்பு ஏதோ ஒரு மீனவர் வீட்டு வாசலில், பாலம் ஒன்றுக்காகக் காத்துக் கிடந்தது. "யாம் இப்போது வாக்களிக்கும் நிலையில் இல்லை" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனார். வாசலில் நின்ற காவலர்கள் சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டார்கள்.

அன்று மாலை அமைச்சரவை கூடியது. வெளிநாட்டில் சில மாதங்கள் தங்கித் திரும்பியிருந்த அரசவை அறிஞர் ஞானசிகாமணி எழுந்தார்.

"மன்னர் மன்னா! அடியேன் சென்ற தேசத்தில் அமைச்சர்கள் இரு கால்களிலும் ஷூ அணிந்திருக்கிறார்கள். நாள் முழுவதும் எதிர்காலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆயினும் எவரும் எதையும் கழற்றுவதில்லை."

"அதெப்படி சாத்தியம்?" என்றார் ராஜா. அவருடைய இடது பாதத்தில் அப்போது களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள்.

"அவர்கள் 'செய்கிறேன்' என்று சொல்வதே இல்லை மன்னா. அதற்குப் பதிலாக இன் தி பைப்லைன் என்கிறார்கள். விஷயம் வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். டென்டேட்டிவ் என்கிறார்கள். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று பொருள். பென்சில் இட் இன் என்றால் இப்போதைக்குக் குறித்து வைக்கலாம், பிறகு அழித்துக்கொள்ளலாம். ஆஸ் அண்ட் வென் என்பது எல்லாவற்றிலும் உத்தமம். எப்போது நடக்கிறதோ அப்போது நடக்கும்."

அவையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சட்ட மந்திரி கண்ணை மூடி ஆலோசித்து, வழக்கம் கட்டுப்படுத்துவது "செய்கிறேன்" என்ற சொல்லை மட்டுமே, அந்நிய மொழியில் அடங்கிய கருத்துக்களை அல்ல என்று தீர்ப்பு வழங்கினார். மறுநாளே முதல் அரசாணை வந்தது. இனி அரசாங்கம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும். நெல் கிடங்கு ஒன்றைக் காலி செய்து, திட்டமொழிப் பயிற்சிக் கழகம் தொடங்கினார்கள். மந்திரிகள் காலையில் அங்கே போய்ப் பலகையில் உட்கார்ந்து கோரஸாகச் சொல்லிப் பழகினார்கள். வெளியே எடுத்துப் போட்ட நெல் மழையில் முளைத்தது.

காத்தாயி மறுபடியும் வந்தாள். இந்த முறை, பாலம் முடிந்து செருப்பை மீட்டிருந்த அம்பலவாணர் வாசலுக்கே வந்து, மலர்ந்த முகத்துடன், "இட்ஸ் இன் தி பைப்லைன், அம்மா" என்றார். அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு செருப்புக்காகக் காத்திருந்தாள். அவர் இரண்டு செருப்பும் சரசரக்க உள்ளே போய்விட்டார்.

"என்னங்க சொல்லிட்டுப் போறாரு?" என்று காவலரைக் கேட்டாள்.

"வருதுன்னு அர்த்தம்."

"எப்போ?"

காவலர் கொஞ்சம் யோசித்தார். "அது அதுல இல்லம்மா" என்றார்.

அவளைப் போலவே நாடு முழுக்க "எப்போ, எப்போ" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அரண்மனைக்குத் தலைவலி வந்தது. இரண்டாவது அரசாணை பிறந்தது: எதிர்காலம் குறித்து அரசாங்கத்தைக் கேள்வி கேட்போரும் ஆங்கிலத்திலேயே கேட்க வேண்டும், தாய்மொழியில் "எப்போது செய்வீர்கள்" என்று கேட்பது அநாகரிகம். அநாகரிகம் என்ற சொல் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. தண்டனை என்றிருந்தால் நாலு பேராவது சண்டைக்கு வந்திருப்பார்கள். அநாகரிகம் என்றதும் ஜனங்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. சந்தையில், கோயிலில், "எப்ப தருவே?" என்று வாய் தவறிக் கேட்டவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்கள். தன் வாயில் பிறந்த பேச்சுக்கே ஒரு ஜனம் முழுவதும் கூனிக் குறுகியது. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

பள்ளத்தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பாஷை தெரிந்தால்தான் கரை கிடைக்கும் என்றால் யாராவது ஒருவர் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். அடுத்த வீட்டுச் சிட்டம்மா, "நீ போ காத்தாயி. உன் கீரையையும் சேத்து நானே வித்துட்டு வரேன். புள்ளைங்க என் வூட்டுல சாப்புடட்டும்" என்றாள். சிட்டம்மாவுக்கே கைக்குழந்தையைச் சேர்த்து மூன்று பெண்கள்.

கழகத்தில் முதல் நாள் காத்தாயி வாயைத் திறந்ததும் வகுப்பே சிரித்தது. அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மறுநாளும் போனாள். போகப் போக நாக்கு வளைந்தது. ஞானசிகாமணி ஒருநாள் பிளான் பி பற்றிப் பாடம் எடுத்தார்.

"முதல் திட்டம் தவறினால் கைவசம் இருக்கிற இரண்டாவது திட்டம், அதுவே பிளான் பி."

"ஐயா, அப்போ முதல் திட்டம்னு ஒண்ணு இருக்கணும் இல்லீங்களா?" என்றாள் காத்தாயி.

"இருக்கலாம். அவசியமில்லை."

"ரெண்டாவது?"

"அதுவும் அவசியமில்லை. சொல்லும்போது குரலில் ஒரு தைரியம் இருக்க வேண்டும். அதுதான் அவசியம்."

இதற்குள் நோய் ஊருக்கும் பரவிவிட்டது. கொத்தனார் பாதிச் சுவரில் டென்டேட்டிவ் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாப்பிள்ளை வீட்டார் தேதியைப் பென்சிலில் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள். மருத்துவச்சி பிரசவ வலி எடுத்தவளிடம் ஆஸ் அண்ட் வென் என்றாள். எல்லோருக்கும் கால் சுகமாக இருந்தது. மூன்றாவது அரசாணையின்படி, வீட்டு வாசல்களில் காத்துக் கிடந்த பழைய செருப்புகளை எல்லாம் வண்டி வைத்து வாரிக்கொண்டு போய் உரியவர்களிடம் சேர்த்தார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு ராஜா இரண்டு செருப்போடு பவனி வந்தார். ஜனங்கள் கண்ணீர் மல்கக் கைதட்டினார்கள். நாடு நிமிர்ந்து நடக்கிறது என்று அரண்மனை அறிவித்தது. ஏரிக்கரை விரிசலில் அப்போது ஆட்டுக்குட்டி நுழையும்.

ஐப்பசி பிறக்குமுன் காத்தாயி அவைக்குப் போனாள். நிமிர்ந்து நின்று, கரைக்கான ரோட்மேப் என்ன, டைம்லைன் என்ன, யார் ஃபாலோ அப் செய்வார்கள் என்று பிசிறில்லாமல் கேட்டாள். அம்பலவாணர் கண் கலங்கிவிட்டார்.

"கரையைப் பற்றி இவ்வளவு அழகாக எவரும் பேசி யாம் கேட்டதில்லை" என்றார் ராஜா. "இத்தகைய திறமை வெளியே நின்று கேட்கலாமா? உள்ளே வந்து பதில் சொல்லட்டும்!"

அங்கேயே அவளை நீர்ப்பணித் துறையின் திட்டப் பேச்சாளராக நியமித்தார்கள். குன்றின் மேல் ஓட்டு வீடு ஒன்று கொடுத்தார்கள். அவள் ஒரு கணம் தயங்கினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே இருந்தால் கரையைத் தானே கட்ட வைக்கலாம் என்று நினைத்தாள். எல்லோரும் உள்ளே போகும்போது அப்படித்தான் நினைக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குன்றுக்குக் குடிபோனாள்.

குடிபோன வாரமே அம்பலவாணரைக் கேட்டுவிட்டாள். "ஐயா, கரைய எப்ப ஆரம்பிக்கப் போறோம்?"

அவர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "காத்தாயி அம்மையாரே, நீர் நம்மவர் என்பதால் சொல்கிறேன். ஆரம்பிக்கப் போவதில்லை. மண் இல்லை, ஆள் இல்லை. நெல்லும் முளைத்துவிட்டது, கூலிக்கு எதை அளப்பது? இது இந்த அறையோடு இருக்கட்டும்."

அவள் அதை அந்த அறையோடு வைத்துக்கொண்டாள்.

மேகம் கூடி, கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், பள்ளத்தெரு மொத்தமும் குன்றேறி வந்து அவள் வாசலில் நின்றது. முன்னால் சிட்டம்மா, இடுப்பில் கைக்குழந்தை. அம்பலவாணரும் அப்போது அங்கே இருந்தார். விருந்தாளியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"காத்தாயி, எங்களுக்கு அந்தப் பாஷை வராது. தப்பா எடுத்துக்காத" என்றாள் சிட்டம்மா. கேட்கும்போதே வெட்கத்தில் அவளுக்குத் தலை குனிந்தது. "கரை கட்டுவாங்களா, மாட்டாங்களா? மாட்டாங்கன்னா மாட்டாங்கன்னு சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டோம். புள்ளைங்களத் தூக்கிட்டு இப்பவே இந்த மேட்டுக்கு வந்துடறோம்."

ஒரே ஒரு வார்த்தை போதும். மாட்டாங்க. அது காத்தாயிக்குத் தெரியும். அம்பலவாணர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். தெருவே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை, அந்தப் பழக்கம்தான் போய்விட்டதே.

"டோன்ட் வொர்ரி" என்றாள் காத்தாயி. குரலில் தைரியம் இருந்தது. "வி ஹாவ் எ பிளான் பி."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். "நம்ம தெருப் பொண்ணு என்னமா பேசுது பாத்தியா!" என்று சிட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசிக்கொண்டே, நிம்மதியாக, எல்லோரும் பள்ளத்தெருவுக்கு இறங்கிப் போனார்கள். காத்தாயி உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் காலை ஏரி உடைத்துக்கொண்டது.

பிழைத்தவர்களைக் குன்றின் மேல் இருந்த பயிற்சிக் கழகத்தின் கிளையில் தங்க வைத்தார்கள். ராஜா வந்து பார்த்தார். துயரம் ஆஸ் அண்ட் வென் தீரும் என்று ஆறுதல் சொன்னார். சிட்டம்மாவின் கைக்குழந்தையைத் தண்ணீர் வடிந்த பிறகு வயல்வெளியில் ஒரு வேலிமுள்ளில் கண்டெடுத்தார்கள்.

காத்தாயி அவளைப் பார்க்கப் போனாள். காறித் துப்புவாள், செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். அப்படி நடந்தால் தேவலை என்றும் இருந்தது. சிட்டம்மா எழுந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல காத்தாயி. நீ அன்னிக்குச் சொல்லத்தான் சொன்ன. எனக்குத்தான் புரியல. பிளான் பி-ன்னா புள்ளயத் தூக்கிட்டு ஓடுன்னு அர்த்தம் போலருக்கு. படிக்காத முண்டம், சிரிச்சுக்கிட்டே போய்ட்டேன். நெனச்சா வெக்கமா இருக்கு." கொஞ்ச நேரம் விம்மிவிட்டு, காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு அதானே அர்த்தம்?"

காத்தாயி வாயைத் திறந்தாள். கூடத்தில் இருந்த பள்ளத்தெரு ஜனங்கள் அத்தனை பேரும், அதே வெட்கத்தோடு, பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆமா" என்றாள்.

அடுத்த வாரம் நான்காவது அரசாணை வந்தது. அர்த்தம் புரியாததால் நேர்ந்த உயிர்ச்சேதத்தைக் கருத்தில் கொண்டு, பள்ளத்தெரு மக்களுக்குத் திட்டமொழி வகுப்புகள் இலவசம். வகுப்பு தொடங்கிய காலையில் வாசல்வரை வரிசை நின்றது. முதல் பலகையில் சிட்டம்மா சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். பாடம் நடத்த வந்தவள் காத்தாயி.