பதினேழு மினுக்கும் ஒரு மொட்டையும்

வயதானவன் பயப்படப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். வேலையில்லாத ஒரு காலைப்பொழுது போதும். அப்படி ஒரு காலையில், சித்தூரில் எங்கள் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்தபோது, பொடிப் பொடியாக ஏதோ மினுங்கி நெளிந்து மறைந்தது. எண்ணினேன். பதினேழு. (எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பந்தியில் அடுத்த இலைக்கு விழும் அப்பளத்தையும் எண்ணுகிறவன்.) ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், போதகருக்குப் பின்னால் வெயில் அடித்த வெள்ளைச் சுவரில் இருபத்திரண்டு. பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கண் போகப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

திருப்பதிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனவன் என் மனைவியின் தம்பி சாலமன். முப்பது வயதிலேயே முழு வழுக்கை. என்னைக் கிண்டல் செய்வதுதான் அவனுக்கு உத்தியோகம். நானும் அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவனில்லை.

"இன்னா மாமா, பஸ்ஸு ஜன்னல்ல எத்தினி?"

"பதினாலு. வாய மூடு."

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, மேலும் கீழும் பார்க்கச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"கண்ணு நல்லா இருக்கு சார். உள்ள ரத்தத்துல ஓடற வெள்ளை அணுதான் அப்படி மின்னுது. வெளிச்சமான வானத்தப் பாத்தா யாருக்கும் தெரியும். உங்கள மாதிரி எண்ணிக்கினு நிக்கமாட்டாங்க, அவ்ளோதான்."

சந்தோஷத்தில், மருந்து விட்ட கண்ணுக்கு உலகமே பனிமூட்டம் என்பதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டில் சாலமன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். சற்று நேரத்தில் அவன் தலை பளபளவென்று பக்கத்தில் வந்து நின்றது. கையைப் பிடித்து இழுத்துப்போய் சித்தூர் பஸ்ஸில் உட்காரவைத்தேன். (தலையை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாத ஊர் திருப்பதி என்பது அப்போது உறைக்கவில்லை.)

பஸ் கிளம்பியது. எனக்கு மனசு இளகிவிட்டது.

"டேய், ஒரு வாரமா தூக்கமே இல்லடா. கண்ணு போனா போவட்டும், உன் மூஞ்சியப் பாக்காம எப்படிடா இருப்பேன்னுதான் பயம். உன்ன மாதிரி மச்சான் எவனுக்குடா கெடைப்பான்?"

பக்கத்துத் தலை மெல்லக் குனிந்தது. நெகிழ்ந்துவிட்டான் என்று நினைத்து, தலையை ஆசையாக ஒரு தட்டுத் தட்டினேன். கை பிசுபிசுத்தது. முகர்ந்தேன். சந்தனம்.

"பரவால்ல பெரியவரே," என்றது தலை. "நான் புத்தலப்பட்டு, இதே வழிதான். முடி குடுத்துட்டு ஊருக்குப் போய்க்கினு கீறேன். பாவம், கண்ணு தெரியாதவரு கையப் புடிச்சிட்டாரேன்னு கூடவே வந்தேன். நீங்க அழுதுகினே பேசறீங்க, நடுவுல எப்படி நிறுத்தறது?"

"ஐயோ, சாலமன அங்கயே உட்டுட்டேனே! ஆபண்டி! பஸ்ஸ ஆபண்டி!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி டிரைவரைப் பார்த்துத் தெலுங்கில் அலறினேன்.

பின்சீட்டிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் என் தோளைத் தொட்டது.

"உக்காரு மாமா. இன்னும் ரெண்டு வார்த்த சொல்லு. கேக்க நல்லாத்தான் கீது."

கடங்காரன், நான் யாரையோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறான்!

இன்றைக்கும் கிறிஸ்துமஸ் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்ததும், சாலமன் என் முன்னால் வந்து தலையைக் குனிவான். "யாரு மாமா இது, சொல்லு பாப்போம்?" என்பான். வீடே சிரிக்கும். நான் ஒரு தட்டுத் தட்டி, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இடம் விடுவேன்.