முந்திரிக்கொட்டையாரின் குட்டிச் சூரியன்

குட்டிச் சூரியன் ஒன்றைச் செய்துவிட்டார்களாம். ஊருக்கு வெளியே இருக்கிறதே லேசர் ஆய்வகம், அங்கே, மிளகளவு உருண்டைக்குள். "இனிமே கரண்ட் பில்லே கிடையாது மாப்ளே!" என்றார் என் மச்சான். அவருக்குச் சொன்னவர் முடிவெட்டுகிறவர். மச்சானின் சொந்தத் தங்கை அந்த ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றால், வீட்டிலேயே கிடைக்கிற உண்மைக்கு என்ன மதிப்பு?

மச்சானை விடுங்கள். அவர் வெறும் குழாய். தண்ணீர் புறப்படும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் நம் ஆள்: முந்திரிக்கொட்டையார். உங்களுக்குத் தெரியாதவரா? மகன் பரீட்சை எழுதி முடிக்குமுன் அவனை டாக்டர் என்று அழைத்து, அஸ்திவாரம் தோண்டுமுன் மாடிக்கு வாடகை பேசி, உலை கொதிக்குமுன் ஏப்பம் விடுகிற அதே ஜாதி. ஆய்வகத்தில் இவர் குழுத் தலைவர். அறைச் சுவரில் ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறார். வரப்போகும் விருதை மாட்ட.

வேலை என்னவென்றால், மெல்லிய தகட்டை லேசரால் அடிப்பார்கள். உள்ளேயிருந்து எலெக்ட்ரான்கள் தலைதெறிக்க ஓடும். ஒருநாள் அவை மிளகளவு எரிபொருளுக்குள் பாய்ந்து, சூரியனைப் போல எரியுமளவு அதைச் சூடேற்ற வேண்டும் என்பது கனவு. ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாதே! அதனால் தகட்டின் நடுவே செம்புப் படலம் ஒன்றை வைப்பார்கள். கடந்து போகும் எலெக்ட்ரான் செம்பு அணுவை இடிக்கும். இடிபட்ட செம்பு தனக்கே உரிய எக்ஸ்ரே ஒளியை உமிழும். ஒளியை அளந்தால், எத்தனை பேர் கடந்தார்கள் என்று கணக்குப் போடலாம்.

போன வாரம் அந்த ஒளி கருவித் திரையில் கண்ணைப் பறித்தது. முந்திரிக்கொட்டையாருக்குத் தரையில் கால் பாவவில்லை. இன்று காலை, கட்டுரையை அனுப்பக் கிளம்பியவரை மச்சானின் தங்கைதான் வாசலில் மறித்தாள்.

"சார், இன்னும் ஒரே ஒரு ஷாட். தகட்டுக்குப் பின்னாடி தடிமனா ஒரு கட்டை ஒட்டி."

"எதுக்கும்மா? அதான் ஜொலிக்குதே!"

"தகடு மெல்லிசு சார். அந்தப் பக்கம் போன எலெக்ட்ரானைத் தகட்டுல மிஞ்சின மின்னூட்டம் பிடிச்சு இழுக்கும். அதுவே போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்து இடிச்சிருந்தா? ஒண்ணையே பத்தா எண்ணியிருப்போம். கட்டை இருந்தா போனது அதுக்குள்ளயே அடங்கிடும்."

"நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே!"

"கட்டுரையில முதல் பேரு என்னோடது சார். தப்புன்னா என்னைத்தான் கிழிப்பாங்க."

"முதல் பேருக்கு எத்தனை பேரு தவம் கிடக்கறான் தெரியுமா? சாயங்காலம் அனுப்பறோம்."

இதற்குள் அவர் கேன்டீன்காரரிடம் 'சூரியன் பொறந்தாச்சு' என்று காதோடு காதாகச் சொல்லி, அது வாசல் காவலாளிக்குப் போய், காவலாளி முடிவெட்டப் போன இடத்தில் கொட்டி, அங்கே தலையைக் கொடுத்திருந்த மச்சானுக்கும், அடுத்த நாற்காலியில் இருந்த ஆய்வக இயக்குநருக்கும் ஒருசேரப் பாய்ந்து, இயக்குநர் வாயாலேயே முந்திரிக்கொட்டையாரிடம் திரும்பி வந்து சேர்ந்தது. "என்னய்யா, ஊரெல்லாம் பேசுறாங்க, எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

மனிதர் பூரித்துப் போனார். அது தாம் விட்ட ஏப்பம்தான் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாத்தியாம்மா? ஊரே சொல்லுது. இத்தனை பேருமா தப்பு?"

"போனது ஒண்ணுதான் சார்," என்றாள் அவள். "அதுவேதான் திரும்பி வருது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று நீங்கள் அனுப்பிய செய்தி, சித்தப்பா வழியாகவும் பக்கத்து வீட்டார் வழியாகவும் உங்களுக்கே வந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று பெருமூச்சு விட்டது யார்? எதற்கும் உங்கள் வீட்டுச் சுவரில் ஆணி ஏதும் வெறுமனே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாலை. கட்டுரை திரையில் இருக்கிறது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கட்டை ஒட்டிய தகட்டை அவளாகவே தயாராக்கிக் கீழே கொடுத்துவிட்டாள். சுடலாமா என்று லேசர்க் கூடத்திலிருந்து அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் குரலைக் கேட்காமல் அவர்கள் சுடமாட்டார்கள். மேசைமேல் போன் அதிர்கிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முந்திரிக்கொட்டையார் வராந்தாவில் இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"அப்புறம்? வேற என்ன சொன்னாங்க?"

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.